பனிக்கு வழக்கம் கிடையாது

ஆடு மேய்க்கப் போனவர்கள் வந்து சொன்னதை நம்பாதவர்கள் போய்ப் பார்த்தார்கள், போய்ப் பார்த்தவர்கள் சொன்னதை நம்பாதவர்களும் போய்ப் பார்த்தார்கள், கடைசியில் போய்ச் சொல்ல ஒருவரும் மிஞ்சாமல் ஊரே கரைமேல் நின்றபோது, சித்திரை மாதத்து உச்சி வெயிலில், கருவேல நெற்றுகள் சூடு தாங்காமல் வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாரையேந்தல் பெரிய கண்மாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை உறைந்து கிடந்தது. ஊருக்குள் தார்ச்சாலை செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஓட்டுவீடுகளின் ஓடுகள் தொட்டால் சுட்டன, கண்மாய் மட்டும் மீன்வண்டியில் வரும் ஐஸ் பாளம்போல் வெள்ளையாக, மெல்லப் புகைந்துகொண்டு, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதது போலப் படுத்திருந்தது.

ஏன் உறைந்தது என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. மழை பெய்த தண்ணீர் எந்த வயலுக்குப் போயிற்று, எந்த வயலுக்குப் போகவில்லை என்று நான் ஆயுசு முழுக்கக் கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆகவே நானும் காரணம் சொல்லக் கடன்பட்டவன் அல்லன். உறைந்தது. உறைந்ததன்மேல் யார் நின்றார்கள் என்பதே கதை.

ஊர் அதைப் பழகிக்கொண்டது, மனிதர்கள் எதைத்தான் பழகிக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர் ஓரத்தில் உடைத்த சில்லுகளைப் போட்டு நன்னாரி சர்பத் விற்கத் தொடங்கினார். நாய்கள் கரையோரம் வரிசையாகப் படுத்து வயிற்றைக் குளிரவைத்துக்கொண்டன. எருமைகள் மட்டும் ஏமாற்றப்பட்ட முகத்தோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கரையில் நின்ற அய்யனாரின் மண்குதிரைகள் முதுகில் வெண்மை படிந்து நின்றதைக் கண்டு பூசாரி அவற்றுக்குச் சாக்குப் போர்த்திவிட்டார். கிழவிகள் வெற்றிலைப் பையை ஐஸ்மேல் வைத்து வாடாமல் காத்தார்கள். பொதுப்பணித் துறை அதிகாரி வந்து பார்த்து, இது தண்ணீர் இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பில் வராது என்றார். வருவாய்த் துறை அதிகாரி வந்து, இது நிலமும் இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பிலும் வராது என்று சொல்லித் திரும்பும்போது வழுக்கி விழுந்தார், அவரைத் தூக்கிவிட்டவர்கள் எந்தத் துறையிலும் சேராதவர்களாகிய எங்கள் தெரு ஆட்கள்.

எங்கள் தெரு என்றால் கீழக்குடியிருப்பு. கண்மாயின் வடிகால் பக்கம், பள்ளத்தில், வெள்ளம் வந்தால் முதலில் நனைகிறதும் தண்ணீர் வந்தால் கடைசியில் குடிக்கிறதுமான தெரு. என்னை அங்கே நோட்டீசு என்பார்கள், மேலத்தெருவிலும் அதுதான் பெயர், சொல்கிற தொனிதான் வேறு. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது கொஞ்சம். மற்றதெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது, சந்தையில், பஸ் நிலையத்தில், மறியல் பந்தலில், கையில் திணிக்கப்பட்டு, மடித்து, வியர்வையில் நனைந்து, எழுத்து அழிவதற்குள் படித்தது. பிறகு நானே எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். அதைப் பொட்டலம் மடிக்கப் பயன்படுத்தியவர்களும் படித்துவிட்டுத்தான் மடித்தார்கள்.

கண்மாய் வற்றும் பருவத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் மீன்பிடி நாள் ஒன்று உண்டு. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர் கூடி நாள் குறிக்கும். அன்று காலை நாட்டாமை மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், துண்டு அசைந்ததும் சுற்றி நிற்கும் கூட்டம் கூடையோடும் வலையோடும் ஒரே பாய்ச்சலாக இறங்கும். பார்க்க அழகான வழக்கம் என்று பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துப் போவார்கள். படத்தில் வராதது இது: நாங்கள் அந்தத் துண்டைப் பார்த்ததே இல்லை. கரைக்கு இந்தப் பக்கம், பள்ளத்தில், குந்தியிருப்போம். மேலத்தெரு பிடித்து முடித்து, ஈரக்காலோடு கரை ஏறி, எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் நாங்கள் இறங்கலாம், அதுவும் கிழக்கே மேடான ஓரத்தில் மட்டும். மடைக்கு முன்னால் இருக்கும் ஆழக்குழியில் கால் வைக்கக் கூடாது. விரால் அந்தக் குழியில்தான் ஒதுங்கும். எங்களுக்குக் கெளுத்திக் குஞ்சும் நண்டும் நத்தையும். கேட்டால், கண்மாய் எங்கள் பாட்டன் வெட்டியது என்பார்கள். மனுக் கொடுத்தோம், வழக்குப் போட்டோம், மறியல் செய்தோம், மண்டை உடைபட்டோம். நீதிமன்றம் பொதுச்சொத்து என்றது, ஊர் வழக்கம் என்றது, ஊர்தான் பக்கத்தில் இருந்தது.

எங்கள் ஊரில் ஒருமுறை நடந்தால் வழக்கம், இரண்டாம் முறை அதை மீறினால் சாமிக் குத்தம். கண்மாய் உறைந்த மறுநாள் குருந்தம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னது இதைத்தான். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள், எங்கள் தெரு மகளிர் சங்கத்துக்குத் தலைவி, சிரிக்கும்போதும் சண்டை போடுகிற முகம்.

"அண்ணே, தண்ணிக்கு வழக்கம் உண்டு. ஐசுக்கு என்ன வழக்கம்?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப மொத தடவ என்ன நடக்குதோ அதான் வழக்கம். அவுக முந்திக்கிட்டா ஒங்க பேரன் காலத்துக்கும் பள்ளத்துலதான் குந்தியிருக்கணும்."

எனக்குத் தோன்றாததை அவள் சொல்லிவிட்டாள் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், எனக்கும் தோன்றியிருந்தது, ஆனால் அவள் முந்திக்கொண்டாள். அன்றே ஒரு நோட்டீஸ் எழுதினேன். தலைப்பு: கண்மாயை உன் பாட்டன் வெட்டினான், பனியை எவன் பாட்டன் வெட்டினான்? டீக்கடைச் சுவரில் ஒட்டியதைக் கிழித்தார்கள், கிழித்த இடத்தில் பசையின் தடம் வெள்ளையாக நின்றது, அதையும் படித்தார்கள்.

ஊர்க்கூட்டம் கோயில் முன் நடந்தது. அவர்கள் கோயில் தரையிலும் நாங்கள் எட்ட நின்ற புளியமரத்தடியிலும். அதற்குள் மேலத்தெரு ஆள் ஒருவர் அவசரப்பட்டுக் கடப்பாரையால் ஒரு போடு போட்டிருந்தார். அந்த ஒரே அடியில் கண்மாய் முழுவதும் ஒரு விரிசல் ஓடி, ஓடும்போது யானை பிளிறுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து, ஐந்து ஊர் மாடுகள் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டன. ஆகவே நாட்டாமை வீரணன் எழுந்து, கடப்பாரை கூடாது, வெடி கூடாது, இன்ஜின் வைத்த மிஷின் கூடாது, கையால் திருகித் துளைபோடும் துரப்பணம்தான் என்றார். அது சரியான பேச்சு, நானும் தலையாட்டினேன். அடுத்த பேச்சில்தான் விஷயம் இருந்தது.

"ஊருக்கு ஒண்ணு வாங்குவோம். கோயில்ல இருக்கட்டும்."

"ஊருன்னா?" என்றேன் நான்.

"ஊருன்னா ஊருதான். ஒனக்கு அகராதி எடுத்தாரணுமா நோட்டீசு?"

கோயில் தரை சிரித்தது.

"அதுல நாங்க உண்டான்னு பாத்துச் சொன்னா நல்லது."

"யாரு இல்லைன்னது? நாங்க தொளை போடுறோம். நாங்க பிடிச்சு முடிச்சதும் அதே தொளையில நீங்க வந்து பிடிச்சுக்கங்க. திருகுற ஒழைப்பு எங்களது, மீனு ஒங்களது. இதுல என்னய்யா கொறை?"

குருந்தம்மாள் புளியமரத்தடியிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். "இலையிலதான் எச்சிலு இருக்கும்னு நெனச்சேன். தொளையிலயுமா?"

இந்த முறை சிரிப்பு மரத்தடியில். வீரணன் கோபப்படவில்லை, கோபப்படாமல் இருக்கத் தெரிந்த குடும்பம் அது. "வேணும்னா நீங்களே ஒண்ணு வாங்கிக்கங்க. ஆனா நாள் எல்லாருக்கும் ஒண்ணுதான். வெள்ளை வீசுனப்பறம். நாங்க ஏறுனப்பறம். கெழக்கோரமா. அதுல மாத்தமில்ல."

"மடைக்கு முன்னால உள்ள குழியில தொளை போட்டா?" என்றாள் அவள்.

"போட்டுப் பாரு."

கூட்டம் கலைந்தது. அந்த இரண்டு வார்த்தையில் எங்கள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. அவர்களுக்கு முன்னால், அந்தக் குழியில், எங்கள் கையால் ஒரு துளை. அது நடந்தால் ஐஸின் வழக்கம் எங்களுடையது. நடக்காவிட்டால் கரைந்தாலும் உறைந்தாலும் பள்ளம்தான்.

துரப்பணம் வாங்க நானும் குருந்தம்மாளும் சங்கத்துப் பெண்கள் சிலரும் மதுரைக்குப் போனோம். மதுரைக் கடைவீதிக்கு எதுவும் புதிதல்ல. எங்கள் கண்மாய் உறைந்து ஒரு வாரம் ஆவதற்குள், கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இரும்புச் சாமான் விற்கும் பாய் கடைச் சுவர் முழுக்கத் துரப்பணங்களைத் தொங்கவிட்டிருந்தார், பூட்டுக்கும் சங்கிலிக்கும் பக்கத்தில், காலங்காலமாக அங்கே தொங்குவதுபோல. ஒல்லி, நடுத்தரம், பருமன். முறுக்கிய இரும்புத் தண்டு, அடியில் அலகு, மேலே இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற வளைந்த பிடி. கடை வாசலில் ஐஸ் கம்பெனிப் பாளம் ஒன்று உமி மூடிப் படுத்திருந்தது.

"போட்டுப் பாத்து வாங்குங்கம்மா. சேலையை மட்டும் சரிபாத்துத்தான் எடுப்பீங்களா?" என்றார் பாய்.

நான் நேராகப் பருமனானதைக் கழற்றச் சொன்னேன். பத்து இஞ்ச். குடம் நுழையும் துளை போடும். பிடியில் சிவப்புச் சாயம். பார்த்தாலே ஒரு மறியல் போல இருந்தது.

"இத ஒங்க ஊர்க்காரங்கதான் முந்தாநாள் ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க," என்றார் பாய். "நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க."

"அப்ப நமக்கும் இதுதான்," என்றேன்.

"எதுக்கு?" என்றாள் குருந்தம்மாள்.

"எதுக்கா? பொறந்ததுலேர்ந்து கெளுத்திக் குஞ்சு தின்னது போதும். அவன் பத்து இஞ்ச் தொளை போட்டுக் கட்லாவத் தூக்குவான், நாம பக்கத்துல நின்னு ஒல்லித் தொளையில அயிரை பிடிக்கணுமா? அவனோடதவிடச் சின்னதா ஒரு சாமான் நம்ம தெருவுக்குள்ள வரக் கூடாது."

"சரி. திருகுங்க."

பாளத்தின்மேல் நிறுத்தித் திருகினேன். அரைச் சுற்று வந்தது. என் தோள்பட்டை ஒரு காலத்தில் லத்தியைத் தாங்கியது, இந்தப் பிடியைச் சுற்ற அது மறுத்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்தார்கள், மூன்றாமவள் வந்தாள், பிடியில் கை வைக்க இடம் இல்லாமல் ஒருத்தி கையை இன்னொருத்தி திருகினாள். பாளம் இரண்டாகப் பிளந்து சாக்கடையில் விழுந்தது. பாய் முகம் மாறாமல் உள்ளே பார்த்து, இன்னொரு பாளம் கொண்டுவரச் சொன்னார்.

"அண்ணே," என்றாள் குருந்தம்மாள், மரியாதையாகத்தான், "நம்ம தெரு ஆம்பளைக பாதிப் பேரு திருப்பூரு, பாதிப் பேரு கேரளா. மிச்சம் நீங்க. இதத் திருக நாலு ஆம்பளை வேணும். அவன்கிட்ட அது இருக்கு. நம்மகிட்ட இருக்கறது ஒத்தப் பொம்பளைங்க. ஒருத்தி தனியா நின்னு திருகுனாலும் எறங்கணும். பக்கத்து ஆளு ஓடிட்டாலும் எறங்கணும்."

"ஓடுறவங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

"நீங்க முன்னால நின்னே போராட்டம் பண்ணுனவரு, ஒங்களுக்குப் பின்னால ஆளு ஓடுனது தெரியாம இருக்கலாம்."

பெண்கள் வாயை மூடிச் சிரித்தார்கள். நான் சுவரில் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தேன்.

அவள் ஒல்லியானதையும் எடுத்துப் பார்த்தாள். நாலு இஞ்ச். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது, ஆனால் துளைக்குள் கை நுழையவில்லை. "இதுல மீனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், தூக்க முடியாது," என்று வைத்துவிட்டாள். நடுத்தரத்தில் இரண்டு வகை இருந்தன. ஒன்றுக்கு அலகு கரண்டிபோல் குழிந்திருந்தது, அழுத்தாமலே கடிக்கும் என்றார் பாய். மற்றதற்குத் தட்டை அலகு, கொஞ்சம் அழுத்த வேண்டும்.

"கரண்டி மழுங்குனா?"

"புது அலகு மாத்தணும்மா. எங்கிட்டதான் வரணும்."

"தட்டை மழுங்குனா?"

"சாணை பிடிக்கிறவன் வந்தாக் குடுத்துத் தீட்டிக்கலாம்."

"அப்ப தட்டை."

பாய் சிரித்தார். "வியாபாரத்தைக் கெடுக்கறீங்க."

ஆறு இஞ்ச், தட்டை அலகு. பிடி அவள் நெஞ்சுக்கு மேலே நின்றது, நெடிய ஆட்களுக்குச் செய்த சாமான். தண்டை ஒரு துளை இறக்கி மறையாணி போடச் சொன்னாள், இப்போது பிடி வயிற்றளவு வந்தது, அம்மி அரைக்கிறவளின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கும் உயரம். திருகினாள். துருவிய தேங்காய்போல் ஐஸ் பூவாய் எழுந்து பாளத்தைச் சுற்றி விழுந்தது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், ஒருத்தியாகவே அடிவரை இறக்கினாள். துளைக்குள் கையை முழங்கைவரை விட்டு எடுத்தாள்.

"இதுல கட்லா வராது," என்றேன் நான், கடைசியாக.

"கட்லா குண்டு. விரால் நீளம்." அவள் கையைத் துடைத்தாள். "குண்டு அவுகளுக்கு. நீளம் நமக்கு. இத்தனை வருசம் எந்த மீனு நம்ம வீட்டுக்கு வரல, சொல்லுங்க."

நான் மடியிலிருந்த காசை எடுத்து எண்ணினேன். வாங்கினோம். பஸ்ஸில் நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டார், மடியில் வைத்துக்கொண்டு வருகிறவளுக்கு எதற்கு இரண்டு டிக்கெட் என்று குருந்தம்மாள் அவரோடு திருப்புவனம்வரை சண்டை போட்டாள். ஊர் வந்து சேர்வதற்குள் பெண்கள் அதற்குத் துருவி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மீன்பிடி நாள் விடிந்தது. சூரியன் கருவேலங்காட்டுக்கு மேலே ஏறியதும் கண்மாய் முழுவதும் வெளிச்சம் பட்டுத் தெறித்தது, கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெள்ளை. மேலத்தெரு முழுவதும் கரையைச் சுற்றி நின்றது, கூடை இல்லை, வலை இல்லை, தூண்டிலும் கோணியும். நாட்டாமை வீரணனும் பெரியவர்கள் நாலு பேரும் பத்து இஞ்ச் துரப்பணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐஸ்மேல் நடந்து மடைக்குப் போனார்கள். புதுச்சாமான், பூசை போடாமல் எடுக்கக் கூடாது. ஆகவே அதை ஐஸ்மேல் படுக்கவைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் வைத்து, தண்டின் நீளத்துக்கும் வரிசையாகக் கற்பூரம் ஏற்றினார்கள். பூசாரி நிதானமானவர். எந்தச் சாமியையும் விட்டுவிடாமல் கூப்பிட்டார்.

நாங்கள் பள்ளத்தில் குந்தியிருக்கவில்லை. கிழக்கோரம் வழியாக, பெண்கள் கிழவிகள் குமரிகள் எல்லோரும், கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருத்தியின் பின்னால் ஒருத்தியாக ஐஸ்மேல் ஏறி நடந்தோம். முன்னால் குருந்தம்மாள் துருவியைப் பிள்ளைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு. கடைசியில் நான். செருப்பில்லாத காலுக்கு ஐஸ் நெருப்பாகச் சுட்டது, நான் தீ மிதித்தவன் இல்லை, நம்பிக்கை இல்லாதவன், ஆனாலும் இதை மிதித்தேன்.

பூசை முடிந்து நாட்டாமை மடைமேல் ஏறி நின்றார். வெள்ளைத் துண்டை எடுத்து வீசினார். வலமும் இடமும், மேலும் கீழும், வீசிக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கண்மாய்க்கு நடுவில், வெள்ளை வெயிலில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால் கரையில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். வீசியாச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். வீசியிருந்தால் இறங்காதவன் முட்டாள், வீசாமல் இறங்கினால் குத்தம். நின்றார்கள்.

நாங்கள் துண்டைப் பார்த்துப் பழகாதவர்கள். ஆகவே அதைத் தேடவும் இல்லை. மடைக்கு முன்னால் ஆழக்குழி இருக்கும் இடத்துக்கு வந்ததும் குருந்தம்மாள் துருவியை நிறுத்தினாள், வயிற்றால் அழுத்தினாள், திருகினாள். ஐஸ் பூ எழுந்து அவள் பாதத்தை மூடியது.

வீரணன் துண்டைக் கீழே இறக்கினார். "யே, எங்க வந்து நிக்கிறே?"

"போட்டுப் பாருன்னீக. போடுறேன்."

"வெள்ளை வீசிருக்கு, ஊரு இன்னும் எறங்கல. நீ அதுக்கு முன்னாடியா?"

"அது எங்களுக்கு வீசுனதில்லையே. என்னைக்கும் வீசுனதில்ல," என்றாள், திருகுவதை நிறுத்தாமல்.

அவர் கரையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். துண்டு தெரியாதவர்களுக்கு அந்தக் குரல் கேட்டது. கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், துண்டுக்காகக் காத்திருந்த கால்கள் அத்தனையும் ஒரே சமயத்தில். என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தார்கள். ஒருத்தியும் ஓடவில்லை. நான் முன்னால் போய் நின்றேன், அடி வாங்குவதில் எனக்கு இருக்கும் அனுபவம் அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

அடி விழவில்லை. கண்மாய் பேசியது. ஓடி வந்த பாரத்துக்கு அடியில் ஒரு நீண்ட முனகல் எழுந்து, எங்கள் எல்லோருடைய உள்ளங்காலிலும் ஏறி, முட்டியில் நின்றது. ஒரு விரிசல் கோடு அவர்கள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு நிதானமாக வந்து, எங்களைத் தாண்டிப் போனது. எல்லோரும் அப்படியே நின்றோம். அடிக்க ஓங்கிய கையை இறக்கினால்கூட உடைந்துவிடும் என்று ஓங்கியபடியே நின்றார் ஒருவர்.

"ஓடாதீக," என்றாள் குருந்தம்மாள். "முங்குனா நானு மட்டுமா முங்குவேன்?"

அந்த அமைதியில் துருவியின் சத்தம் மட்டும் கேட்டது. கறக் கறக் என்று, ஒரே சீராக. பிறகு சத்தம் மாறியது, அடியில் இருள் திறந்தது, தண்ணீர் ஒரு முறை கொப்பளித்து அடங்கியது. அவள் துருவியை மேலே இழுத்தாள்.

விரால் மூச்சு விட மேலே வரும் மீன். எத்தனை நாளாக மூச்சு முட்டிக் கிடந்தனவோ, அந்த ஒரே துளையில் கறுத்த தலை ஒன்று எழுந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. குருந்தம்மாள் மண்டியிட்டுக் கையை விட்டு, செவுளில் பிடித்து, கை நீளத்துக்கு ஒரு விராலை உருவி ஐஸ்மேல் போட்டாள். ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. எங்கள் தெரு அன்றைக்குத்தான் அதை உயிரோடு கிட்டத்தில் பார்த்தது, கோயிலில் நிற்பதுபோல் நின்றது.

"எடுங்கய்யா நம்ம சாமானை," என்றார் வீரணன். "அவுக ஒண்ணு போட்டா நாம பத்து போடுவோம்."

பெரியவர்கள் போய்க் குனிந்தார்கள். துரப்பணம் வரவில்லை. கற்பூரம் எரிந்த சூட்டில் இரும்புக்கு அடியில் ஐஸ் இளகி, அது பாதி உடம்பு உள்ளே அமிழ்ந்து, பூசாரி மிச்சமிருந்த சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடியும் உறைந்துபோயிருந்தது. மாலையோடும் குங்குமத்தோடும், அம்மன் சிலைபோல், கண்ணாடிக்குள் கிடந்தது. நாலு பேர் இழுத்தார்கள். கடப்பாரை என்று ஒருவர் ஆரம்பித்தார், கண்மாய் மெல்ல முனகியது, அவர் வாயை மூடிக்கொண்டார்.

மேலத்தெரு நின்றது. எங்கள் பெண்கள் இரண்டாம் துளை போட்டார்கள், மூன்றாம் துளை போட்டார்கள், ஆள் மாற்றி ஆள். கோணிகள் துள்ளின. வெயில் உச்சிக்கு வந்தது. கடைசியில் வீரணன் தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சாமானை இங்கிட்டுக் கொஞ்சம் குடுங்க."

"குடுக்காத," என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன். "இத்தனை காலம் நமக்கு எதைக் குடுத்தான்?"

குருந்தம்மாள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "குடுப்போம்ணே. ஐசுல மொத தடவ நடக்கறதெல்லாம் வழக்கம். இதையும் நாமளே நடத்துவோம்." அவள் துருவியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் போனாள்.

வீரணன் விரலால் ஐஸைக் காட்டினார். "அங்கன வையி. எடுத்துக்கிறோம்."

எங்கள் ஊரில் அப்படித்தான். அரிவாளோ, கூடையோ, கல்யாண வெற்றிலையோ, எங்கள் கையிலிருந்து அவர்கள் கைக்கு நேராகப் போனதில்லை. தரையில் வைப்போம், விலகி நிற்போம், எடுத்துக்கொள்வார்கள். அவர் அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை, மூச்சு விடுவதுபோல் சொன்னார்.

"வைக்க மாட்டேன்," என்றாள் அவள். "வச்சா ஒட்டிக்கிரும். ஒங்க சாமானைப் பாருங்க." இரண்டு கையாலும் துருவியை நீட்டினாள். "கையில வாங்குங்க."

அவள் பக்கத்தில் அலகிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் பக்கத்தில் நாலு பெரியவர்கள் தங்கள் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவ்வளவு பேர் நின்ற கண்மாயில் ஒருவர் கையும் அசையவில்லை. அவள் தோள் நடுங்கத் தொடங்கியது, நான் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். இறக்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லாயி வந்தார், வீரணனின் அண்ணன் பெண்சாதி, காலில் பிளாஸ்டிக் செருப்பும் தோளில் கோணியுமாக.

"மதினி, நீங்க எங்க போறீக?"

"எம் மக பெத்துக் கெடக்கா, கொழுந்தனாரே. விரால் குழம்பு வச்சுத் தரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். துண்டு வீசுனியளா இல்லையான்னு நிண்டு பாத்துக் கழுத்து வலிச்சுப் போச்சு." அவர் நேராகப் போய், குருந்தம்மாளின் கையிலிருந்து, அவள் விரல்மேல் தன் விரல் பட, துருவியை வாங்கினார். கனம் பார்த்தார். "எங்கிட்டுத் திருகணும்?"

"வலது பக்கம், ஆத்தா. வயித்தால அழுத்துங்க."

"வயிறு இருக்கு, அதுக்குப் பஞ்சமில்ல."

செல்லாயி திருகினார். எந்தக் குத்தத்துக்கு எந்த அபராதம் என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஐஸ்மேல் கை பட்டதற்கு ஒருவரிடமும் சட்டம் இல்லை. விரால் வந்தது. துருவியை அவர் குருந்தம்மாளிடம் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு மேலத்தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பூசாரி வந்தார், கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் வாங்கினார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தத் துருவி எத்தனை கை மாறியது என்று நான் கணக்கு வைக்கவில்லை, கையிலிருந்து கைக்குத்தான் போனது, ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை.

நாட்டாமை வீரணன் வாங்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிரவு மேலத்தெருவில் மீன் மணக்காத ஒரே வீடு அவருடையது.

வைகாசி போய் ஆனியும் வந்துவிட்டது. கண்மாய் கரையவில்லை. துருவியை முறைவைத்து ஆள் மாற்றி வைத்துக்கொள்கிறோம், காலைப் பொழுது என்னுடையது. தினமும் வெயில் ஏறும் முன் வீரணன் வருகிறார், தனியாக, கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. என் எதிரே நிற்கிறார். முதல் நாள், "வையி," என்றார். "கையை நீட்டுங்க," என்றேன். போய்விட்டார். மறுநாளும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். இப்போதெல்லாம் அவர் ஒன்றும் சொல்வதில்லை. நிற்கிறார். அவர் கை வேட்டி மடிப்புக்குள் ஒருமுறை அசைந்து அடங்குகிறது. நான் துருவியை நீட்டியபடி நிற்கிறேன். லத்தி பட்ட தோள், வலிக்கிறது. அவர் போகும்வரை இறக்குவதில்லை.